கைமாறி வந்த மட்டை

மாலை மணி நான்கு அடித்ததும் நம் பள்ளித் திடலைப் பாருங்கள். ஒரு மூலையில் எறிபந்து, வேப்பமரத்தடியில் வளையப்பந்து, நடுவில் கபடி, சுவரோரமாகக் கூடைப்பந்து. எங்கும் ஆரவாரம்! ஒரு நிமிடம் நின்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். இந்த ஆட்டங்களில் எதையாவது நாமாகவே கண்டுபிடித்தோமா? இல்லை. யாரோ ஒருவர் வலையைக் கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, "பந்தை இப்படிப் பிடி அம்மா" என்று நம் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். அவருக்கும் முன்னர் வேறொருவர் சொல்லிக் கொடுத்திருப்பார். ஓர் ஆட்டம் ஒரு சிறுமியின் கைக்கு வந்து சேர வேண்டுமானால், அதை அவளிடம் கொண்டுவந்து சேர்க்க ஓர் ஆள் வேண்டும்.

இந்த எளிய உண்மையை நன்கு விளக்கும் ஆட்டம் ஒன்று உண்டு. நம் ஊர்களில் அதைப் பார்த்தவர் மிகச் சிலரே. அதன் பெயர் லாக்ரோஸ். அந்த ஆட்டத்தையும், அதைச் சிறுமியரிடம் கொண்டு சேர்ப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட சில பெண்மணிகளையும் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

ஆடும் முறை

ஹாக்கி ஆட்டத்தை நாம் அறிவோம். அதில் மட்டையால் பந்தைத் தரையில் உருட்டி அடிக்கிறோம். லாக்ரோஸ் ஆட்டத்திலும் கையில் நீண்ட மட்டை உண்டு. ஆனால் அதன் தலையில் சிறு வலை கட்டப்பட்டிருக்கும். பந்தை அந்த வலையால் அள்ளி, வலையிலேயே தாங்கிக்கொண்டு ஓடி, வலையிலிருந்தே தோழிக்கு வீச வேண்டும். தோழியும் தன் வலையிலேயே அதைப் பிடிக்க வேண்டும். கையால் பந்தைத் தொடலாகாது. கோல் காப்பவர் மட்டும் தமக்குரிய வட்டத்துக்குள் கையால் தடுக்கலாம். பந்து கெட்டியான ரப்பரால் ஆனது. எடை ஏறத்தாழ 145 கிராம், சுற்றளவு 20 சென்டிமீட்டர். கோல் கம்பங்கள் ஆறடி அகலமும் ஆறடி உயரமும் கொண்ட சதுரமாக நிற்கும்.

பந்தை வலையில் வைத்துக்கொண்டு ஓடும்போது அது கீழே விழுந்துவிடாதா? இங்கேதான் ஆட்டத்தின் நுட்பம் இருக்கிறது. ஓடுபவள் மணிக்கட்டையும் முன்கையையும் மெல்ல அசைத்து மட்டையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருப்பாள். அந்த அசைவினால் பந்து வலைக்குள்ளேயே அழுந்தி நிற்கும். நீர் நிறைந்த சிறு வாளியை வேகமாகச் சுழற்றினால் நீர் சிந்துவதில்லை என்று அறிவியல் பாடத்தில் படிக்கிறோம் அல்லவா? அதே தத்துவந்தான். இந்த அசைவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லின் பொருள் 'தொட்டிலாட்டுதல்' என்பதாகும். பந்தைப் பிடிப்பதும் அத்தகையதே. எதிர்த்து அடித்தால் பந்து தெறித்துப் போகும். பந்து வலையைத் தொடும் கணத்தில் மட்டையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக் கொடுக்க வேண்டும். மேலிருந்து விழும் முட்டையை உடையாமல் பிடிப்பது எப்படி என்று நம் வீட்டுப் பாட்டியைக் கேட்டால் இதே வழியைத்தான் சொல்வார்.

ஆண்கள் ஆட்டத்தில் உடலோடு உடல் மோதுவதற்கு இடமுண்டு. ஆகவே அவர்கள் தலைக்கவசமும் கைக்கவசமும் அணிவர். பெண்கள் ஆட்டத்தில் மோதலுக்கு இடமில்லை. ஓட்டம், குறி, கூட்டுறவு ஆகிய மூன்றே அவர்களுடைய ஆயுதங்கள்.

பிறந்த கதை

இந்த ஆட்டம் வட அமெரிக்காவின் பழங்குடி மக்களுடையது. குறிப்பாக, மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெகா, டஸ்கரோரா என்னும் ஆறு இனங்கள் சேர்ந்த ஹோடெனோஷோனி கூட்டமைப்பினர் இதைப் படைத்தவன் தந்த ஆட்டமாகவே போற்றுகின்றனர். ஊரில் ஒருவர் நோயுற்றால் அவர் நலம் பெற வேண்டி இதை ஆடும் வழக்கம் அவர்களிடம் உண்டு. ஹிக்கரி என்னும் மரத்தை ஆவியில் வளைத்து, தோல் வாரினால் வலை பின்னி மட்டை செய்வார்கள்.

இதை முதன்முதலில் எழுத்தில் பதிந்தவர்களுள் ஒருவர் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குருவாகிய புனித ழான் தெ பிரெபெஃப் அடிகளார். ஹியூரான் மக்களிடையே பணிபுரிந்த அவர், நோயாளிக்காக அவர்கள் ஆடிய இந்த ஆட்டத்தைப் பற்றி 1636ல் தம் சபைக்கு அனுப்பிய அறிக்கையில் எழுதினார். நம் மறவ நாட்டில் அருளானந்தர் இரத்தம் சிந்தியது போல, அவரும் 1649ல் கனடாவில் மறைசாட்சியாக உயிர் துறந்தார். ஆட்டத்தின் பெயரும் பிரெஞ்சு மொழியிலிருந்தே வந்தது. அம்மொழியில் 'க்ரோஸ்' என்றால் வளைந்த கோல். ஆயர் கையில் ஏந்தும் செங்கோலுக்கும் அதே சொல்தான்.

1867ல் மான்ட்ரியால் நகரத்துப் பல் மருத்துவர் ஜார்ஜ் பியர்ஸ் இதற்கு எழுத்து வடிவில் விதிகள் வகுத்தார். பிறகு நடந்தது வருந்தத்தக்கது. ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்த பழங்குடி மக்களையே, பணம் வாங்கி ஆடுபவர்கள் என்று காரணம் காட்டி, 1880 முதல் கனடாவின் போட்டிகளிலிருந்து விலக்கி வைத்தனர். வீட்டைக் கட்டியவனை வாசலில் நிறுத்திய கதைதான் இது. நூறாண்டுக்கும் மேலான பின்னரே, 1983ல் அவர்கள் தமக்கென ஒரு தேசிய அணியை அமைத்து, 1990ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்த உலகப் போட்டியில் தங்கள் சொந்தக் கொடியோடு இறங்கினார்கள்.

பெண்கள் பள்ளியின் வாயிலில்

இனி நம் கதைக்கு வருவோம். 1884ல் லூயிசா லம்ஸ்டன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு ஆசிரியை வட அமெரிக்காவில் பயணம் செய்தார். அவர் சாதாரணப் பெண்மணி அல்லர். பெண்கள் அதிகம் படித்தால் உடல்நலம் கெடும் என்று மருத்துவர்களே நூல் எழுதிய அந்தக் காலத்தில், கேம்பிரிட்ஜில் பெண்களுக்கென ஏற்பட்ட கர்ட்டன் கல்லூரியின் முதல் மாணவியர் ஐவருள் ஒருவராகப் படித்தவர். 1877ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் தொடங்கிய செயின்ட் லெனார்ட்ஸ் பெண்கள் பள்ளியின் முதல் தலைமையாசிரியையாகப் பணியாற்றியவர்.

மான்ட்ரியாலில் பழங்குடி அணிக்கும் அந்நகர் அணிக்கும் நடந்த லாக்ரோஸ் போட்டியைக் கண்ட அவர், அதன் அழகில் மனத்தைப் பறிகொடுத்தார். தம் பழைய பள்ளிக்கு அதைப் பற்றிக் கடிதம் எழுதினார். அக்கடிதம் வீண்போகவில்லை. 1890 மார்ச் மாதத்தில் அப்பள்ளித் திடலில் மாணவியர் மட்டை ஏந்தி ஆடினார்கள். உலகில் பெண்கள் ஆடிய முதல் லாக்ரோஸ் போட்டி அதுவே என்பர். நீண்ட பாவாடையுடன் ஓடிய அந்த மாணவியரை எண்ணிப் பாருங்கள்! ஓடினால் பெண்மை குறையும் என்று ஊர் சொன்னது. ஓடிப் பார்த்து, ஒன்றும் குறையவில்லை என்று அவர்கள் காட்டினார்கள்.

அப்பள்ளியில் பயின்றவர்களுள் ஒருவர் ரோசபெல் சின்கிளேர் அம்மையார். அவர் அமெரிக்காவில் பால்டிமோர் நகரிலுள்ள பிரின்மார் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாகச் சேர்ந்து, 1926ல் அங்கு லாக்ரோஸ் அணி ஒன்றை அமைத்தார். அதற்கு முன்பும் அமெரிக்காவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெண்கள் இதை ஆடிப் பார்த்ததுண்டு, ஆனால் நிலைக்கவில்லை. இப்பள்ளியில் மட்டும் ஏன் நிலைத்தது? ஒருவர் உடனிருந்து ஆண்டுதோறும் தவறாமல் சொல்லிக் கொடுத்ததால் நிலைத்தது. பெண்கள் ஆட்டம் முரட்டு வலிமையை நம்பாமல் திறமையை மட்டுமே நம்ப வேண்டும் என்பது அவருடைய கொள்கை. 1931ல் அமெரிக்கப் பெண்கள் லாக்ரோஸ் சங்கம் தோன்றியது. பால்டிமோர் நகரமும் அதன் சுற்றுப்புறமும் இந்த ஆட்டத்தின் தாய்வீடாயின. 1992ல் அமெரிக்க லாக்ரோஸ் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதல் பெண்மணி என்னும் பெருமை சின்கிளேர் அம்மையாருக்குக் கிடைத்தது.

பிலடெல்பியாவின் மகள்

ஆயினும் ஒரு குறை இருந்தது. இந்த ஆட்டத்தைப் பேணி வளர்த்தவை பெரும்பாலும் கட்டணம் மிகுந்த தனியார் பள்ளிகள். பரந்த புல்வெளி, விலையுயர்ந்த மட்டை, தனிப் பயிற்சியாளர் ஆகிய மூன்றும் உள்ள இடத்தில் மட்டுமே அது வளர்ந்தது. ஏழைச் சிறுமியரும், கறுப்பினச் சிறுமியரும் அந்தப் புல்வெளிக்கு வெளியேதான் நின்றார்கள்.

அந்த வேலியைத் தாண்டியவர் டீனா ஸ்லோன் கிரீன் அம்மையார். 1944ல் பிலடெல்பியா நகரில் பிறந்தவர். நம்மைப் போலவே பெண்கள் பள்ளி ஒன்றில் பயின்றவர். அந்நகரின் பழைமையான அரசினர் பள்ளியாகிய பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அவர் ஹாக்கி மட்டையைப் பிடித்தார். வெஸ்ட் செஸ்டர் கல்லூரியில் உடற்கல்வி பயின்று 1966ல் பட்டம் பெற்றார். 1968ல் அமெரிக்கத் தேசியப் பெண்கள் லாக்ரோஸ் அணியில் இடம்பெற்றார். அவ்வணியில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டது அதே ஆண்டில்தான் என்பதை நினைவில் கொண்டால், அந்த இடத்தின் அருமை விளங்கும்.

1970களில் அவர் பிலடெல்பியாவிலுள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளரானார். பகலில் உழைத்தவர்களுக்கு இரவில் பாடம் நடத்த 1884ல் தொடங்கிய கல்விக்கூடம் அது. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் லாக்ரோஸ் வரலாற்றில் தலைமைப் பயிற்சியாளரான முதல் கறுப்பினப் பெண் அவர். பதினெட்டு ஆண்டுகள் அங்கே பணி செய்தார். அவர் கீழ் அந்த அணி 207 ஆட்டங்களில் வென்றது, 62ல் தோற்றது, நான்கு ஆட்டங்கள் சமமாக முடிந்தன. 1982, 1984, 1988 ஆகிய மூன்று ஆண்டுகளில் தேசிய வாகையைச் சூடியது. அவற்றுள் 1988ல் ஓர் ஆட்டத்திலும் தோல்வி காணவில்லை.

இவ்வளவு வெற்றி கண்டவர் அத்தோடு ஓய்ந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் மனத்தை ஒரு கேள்வி உறுத்தியது. 1972ல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் இயற்றியது. அரசு உதவி பெறும் கல்விக்கூடங்கள் ஆண், பெண் என்று பேதம் காட்டலாகாது என்பது அதன் சாரம். அதன் பயனாகப் பெண்களுக்கும் விளையாட்டுக்கான உதவித்தொகைகள் பெருகின. லாக்ரோஸ் ஆடத் தெரிந்த பெண் கட்டணமின்றிக் கல்லூரியில் படிக்கலாம் என்னும் நிலை வந்தது. கதவு திறந்தது, ஆனால் அதன் வழியே போனவர்கள் யார்?

சற்று ஆராய்ந்து பார்ப்போம். கல்லூரிப் பயிற்சியாளர் பதினெட்டு வயதுப் பெண்ணைத் தேர்ந்தெடுக்கிறார். நன்றாக ஆடுபவளையே எடுப்பார், அது இயல்பு. அவள் நன்றாக ஆட வேண்டுமானால் பத்து, பன்னிரண்டு வயதிலேயே மட்டையைப் பிடித்திருக்க வேண்டும். அந்த வயதில் யாரிடம் மட்டை இருந்தது? தனியார் பள்ளிச் சிறுமியிடம் இருந்தது. நகரத்து ஏழைச் சிறுமியிடம் இல்லை. எனவே, சட்டம் எல்லாருக்கும் பொதுவாகத் தந்த பரிசு, ஏற்கெனவே வாய்ப்புப் பெற்றவரின் மடியிலேயே போய் விழுந்தது. பதினெட்டு வயதில் தெரியும் ஏற்றத்தாழ்வு பத்து வயதிலேயே விதைக்கப்பட்டுவிடுகிறது.

ஆகவே, அவர் கல்லூரி அணியின் பயிற்சியிலிருந்து விலகிய அதே 1992ல், தம் தோழியர் மூவருடன் சேர்ந்து விளையாட்டில் கறுப்பினப் பெண்களுக்கான அறநிலையம் ஒன்றை நிறுவினார். அத்தோழியருள் ஒருவரான நிக்கி ஃப்ராங்கே அப்போது டெம்பிள் பல்கலைக்கழகத்தின் வாட்போர்ப் பயிற்சியாளராக இருந்தவர். நகரத்துச் சிறுமியர்க்கு அவர்கள் அதிகம் காணாத ஆட்டங்களை அறிமுகம் செய்வது, விளையாட்டுத் துறையில் முன்னேறிய பெண்களை அவர்கள் கண்முன் கொண்டுவந்து நிறுத்துவது, "இதெல்லாம் நமக்கில்லை" என்னும் எண்ணத்தை முளையிலேயே கிள்ளுவது ஆகியவையே அந்நிலையத்தின் பணிகள். தேசிய வாகை சூடிய கைகள் மீண்டும் முதலாம் பாடத்துக்கே திரும்பின. அவருடைய மகள் டிரேசி கிரீன் டென்னிஸ் வீராங்கனையாகி, 2007ல் புகழ்பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெண்கள் டென்னிஸ் பயிற்சியாளரானார். தாயைப் போல மகளும் சொல்லிக் கொடுக்கும் வழியையே தேர்ந்தார்.

சிறுவர் அணி வளர்வது எப்படி?

ஊர்ச் சிறுவர் அணியை உருவாக்குவது கல்லூரி அணியை நடத்துவதைவிடக் கடினம் என்பது அனுபவசாலிகள் கருத்து. கல்லூரியில் திடல் இருக்கிறது, பணம் இருக்கிறது, ஆடத் தெரிந்தவர்கள் வருகிறார்கள். ஊரிலோ மூன்றும் இல்லை.

முதலில் வேண்டியது மட்டை. பழைய மட்டைகளைச் சேகரித்து, அறுந்த வலையைப் பின்னிச் சீராக்கி, பயிற்சி முடிந்ததும் எண்ணி வாங்கி வைக்க வேண்டும். மரமட்டை ஒன்றைச் செய்து முடிக்கப் பல மாதங்கள் பிடிக்கும். 1970ல் பால்டிமோர்ப் பகுதியில் வார்ப்புத் தலை கொண்ட மட்டை வந்த பிறகு, ஒரே அளவான மட்டைகள் ஏராளமாகக் கிடைத்தன. புதிய ஊர்களுக்கு ஆட்டம் பரவியதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

இரண்டாவது, சரியான வரிசையில் கற்பித்தல். சிறு பிள்ளைகளுக்கு முதலில் கற்பிக்கும் பாடம் தரையில் உருளும் பந்தை அள்ளுவது. முழங்காலை மடித்து, மட்டையைத் தரையோடு தாழ்த்தி, நிற்காமல் ஓடியபடியே அள்ள வேண்டும். பிறகே தொட்டிலாட்டுதல், வீசுதல், பிடித்தல். மிகச் சிறியவர்களுக்கு மென்பந்தும் சிறு திடலும் போதும். இதற்கெல்லாம் துணையாக ஒரு செங்கல் சுவர் இருந்தால் அதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. சுவரில் பந்தை வீசி, திரும்பி வருவதைப் பிடிக்க வேண்டும். வலக்கையால் ஐம்பது, இடக்கையால் ஐம்பது. சுவர் சலிப்பதில்லை, கோபிப்பதுமில்லை. நீ எப்படி வீசினாயோ அப்படியே திருப்பித் தரும்.

மூன்றாவது, பெற்றோரின் ஒத்துழைப்பு. நடுவராக நிற்க, புள்ளி குறிக்க, பிள்ளைகளை அழைத்து வர, தண்ணீர் கொடுக்க ஆட்கள் வேண்டும். திறமையுள்ள பயிற்சியாளர் பிள்ளைகளுக்கு ஆட்டத்தைச் சொல்லித் தரும்போதே பெற்றோரையும் பழக்கிவிடுவார். அப்போதுதான் அவர் ஒரு நாள் வராவிட்டாலும் திடல் வெறிச்சோடாது.

நான்காவது, எல்லாவற்றிலும் அரியது, பொறுமை. வெற்றிக் கோப்பை ஓராண்டில் வரலாம். ஆனால் தான் கற்பித்த சிறுமி வளர்ந்து, படித்து, மீண்டும் அதே திடலுக்கு வந்து மற்றொரு சிறுமியின் கையில் மட்டையைக் கொடுப்பதைக் காண இருபது ஆண்டுகள் ஆகும். அந்த நாளுக்காகக் காத்திருக்கும் மனம் உள்ளவரே வாழ்நாள் பயிற்சியாளர்.

இன்றும் நாளையும்

லாக்ரோஸ் 1904, 1908 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் விழாக்களில் பதக்கத்துக்குரிய ஆட்டமாக இருந்தது, பின்னர் நீங்கியது. அணிக்கு ஆறு பேர் ஆடும் வடிவில் அதை 2028ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மீண்டும் சேர்க்க 2023 அக்டோபரில் முடிவாயிற்று. 1908ல் ஆண்கள் மட்டுமே ஆடினர். இம்முறை பெண்களுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். மரபுவழிச் சடங்கு ஆட்டத்தை ஆண்களுக்கே உரியதாக வைத்திருக்கும் ஹோடெனோஷோனி மக்களிடையேயும், இந்த நூற்றாண்டில் பெண்கள் அணி எழுந்து உலகக் கோப்பைப் போட்டிகளில் ஆடியிருக்கிறது.

அன்புத் தங்கையரே, 1884ல் எழுதிய ஒரு கடிதம், 1890ல் ஒரு பள்ளித் திடல், 1926ல் இன்னொரு பள்ளி, 1992ல் ஒரு நகரத்துச் சிறுமியர் என்று இந்த மட்டை கைமாறி வந்த வழியைக் கண்டோம். இவர்கள் யாவரும் தாம் ரசித்ததைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் அடுத்தவள் கையில் கொடுத்தவர்கள். நம்மில் பலர் லாக்ரோஸ் மட்டையைக் கண்ணால் காணாமலே போகலாம். அதனால் என்ன? எறிபந்து நன்றாக ஆடத் தெரிந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி, திடலின் ஓரத்தில் கூச்சத்தோடு நிற்கும் ஆறாம் வகுப்புப் பெண்ணைக் கண்டிருப்பாள். புதிதாகச் சேர்ந்தவள், பந்து தன் பக்கம் வந்தால் கண்ணை மூடிக்கொள்பவள். அவளைக் கூப்பிட்டு, "வா, நான் சொல்லித் தருகிறேன்" என்று சொல்ல எந்தச் சட்டமும் வேண்டாம், எந்த உதவித்தொகையும் வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "விளையாடியது போதும், படி" என்று சொல்லும் முன், உங்கள் மகளுக்கு மாலை வேளையில் ஓர் அரை மணி நேரமேனும் திடலை விட்டுக் கொடுங்கள். தோற்றபின் மறுநாளும் வந்து நிற்கும் பழக்கத்தை அவள் அங்கேதான் கற்றுக்கொள்கிறாள். நாளைக்கு அவள் கற்றுக்கொண்டது இன்னொருத்திக்கும் பயன்படும்.